மஜீத் வீட்டுப் பேயின் மனு

“பேய் பிரசை இல்லையடி! செத்த உடனை அது முடிஞ்சுது. பதினாலாம் உறுப்புரையை வடிவாப் பார். ‘ஒவ்வொரு பிரசையும்’ எண்டுதான் கிடக்கு.”

“பன்ரெண்டாம் உறுப்புரையிலை ‘ஆட்கள் எல்லாரும்’ எண்டு கிடக்கு. பேய் ஆள் இல்லையோ?”

“பேய் ஆளோ? உனக்கென்ன விசரே?”

“உனக்குத்தான் விசர். உயிரோடை இருக்கேக்கை ஆள், செத்தாப்பிறகு சாமானோ?”

“சரி, ஆள் எண்டே வை. அடிப்படை உரிமை வழக்கு அரசாங்கத்துக்கு எதிராத்தான் போடலாம். இஹ்ஸான் அண்ணை அரசாங்கமோ? பாவம், ஃபோன் திருத்துற மனுசன்.”

“அப்ப விதானையாரை இழுப்பம். அவர் அரசாங்க உத்தியோகத்தர். அவர்தானே அவையளுக்கு வதிவிடப் பத்திரம் எழுதிக் குடுத்தவர். ஏற்கெனவே ஒராள் குடியிருக்கிற வீட்டுக்கு அவர் என்னெண்டு குடுப்பார்?”

“விதானையார் கேட்டாரெண்டால் உன்னைத்தான் பேயெண்டு பதிவார்.”

இந்தச் சண்டை விறாந்தையில் நடந்தது. குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த ஞானாம்பிகைக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. சண்டை பிடித்தவர்கள் அவளுடைய தம்பி வாகீசனின் மகள் கஜந்தினியும், அவளோடு ஒரே வகுப்பில் உயர்தரம் படிக்கிற நிருஷனும். ஞானாம்பிகை கலியாணம் செய்யவில்லை. தம்பி குடும்பத்தோடு இருந்துகொண்டு, சாவகச்சேரிச் சந்தைக்குப் பின்னால் உள்ள சின்னத் தெருவான அந்த ஒழுங்கையின் பெண்களுக்குச் சட்டை தைத்துக் கொடுப்பாள்.

யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணிகள் கொஞ்சப்பேர் சேர்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி வைத்திருந்தார்கள். அரசியலமைப்பில் அடிப்படை உரிமைகள் என்று ஓர் அத்தியாயம் இருக்கிறதல்லவா, அதிலிருந்து ஓர் உரிமையை எடுக்க வேண்டும். அதைத் தங்கள் ஊரோடு பொருத்தி ஒரு கற்பனை வழக்காக மேடையில் வாதாட வேண்டும். உண்மையான வழக்கில் இல்லாத ஒரு வசதியும் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தார்கள். ஊரிலிருந்து ஒரு சாட்சியைக் கூட்டிவரலாம்.

மற்றப் பிள்ளைகள் மொழி, தகவல், கூட்டம் கூடுவது என்று எடுக்க, கஜந்தினி எடுத்தது இலங்கைக்குள் விரும்பிய இடத்தில் குடியிருக்கும் உரிமை. மனுதாரர், பக்கத்து வளவு மஜீத் வீட்டுப் பேய். தான் குடியிருந்த வீட்டில் இஹ்ஸான் குடும்பம் என்று உயிரோடு உள்ளவர்கள் வந்து குடியேறுகிறார்கள் என்று பேய் வழக்குப் போடுகிறது. பேய்க்குக் கஜந்தினி வாதாடுவாள். எதிர்ப்பக்கம் நிருஷன். சிரிப்பாகவும் இருக்கும், நடுவர்களும் மறக்கமாட்டார்கள் என்பது அவள் கணக்கு.

கொஞ்ச நேரத்தில் அவள் குசினிக்குள் வந்தாள்.

“மாமி, பேயின்ரை பேரென்ன?”

“எந்தப் பேய்?”

“எங்கடை ஒழுங்கையிலை எத்தினை பேய் கிடக்கு? மஜீத் வீட்டுப் பேய்தான். பேர் இல்லாமல் மனு எழுதேலாது.”

“எனக்கென்னெண்டு தெரியும்?”

“உங்களுக்குத்தான் தெரியவேணும். கடைக்கார ஜெயசுதன் அண்ணையைக் கேட்டன். தன்ரை அப்பா கண்டவர் எண்டார். அப்பாவைக் கேட்டன். தான் காணேல்லை, தங்கமுத்துதான் கண்டது எண்டார். தங்கமுத்துப் பெரியம்மாட்டைப் போனால் அவ சொல்லுறா, ‘முதல் கண்டது உன்ரை மாமியடி, சங்கக்கடை வரிசையிலை வந்து சொன்னவள்’ எண்டு. ஏன் மாமி நீங்கள் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?”

ஞானாம்பிகையின் விரல் துருவலைப் பல்லில் பட்டுவிட்டது. தேங்காய்ப்பூவில் ஒரு பொட்டு இரத்தம்.

“போட்டிக்கு நீங்கள்தான் சாட்சி,” என்றாள் கஜந்தினி. “ஊரிலை உங்களை விட்டால் வேறை ஆரும் நேரை கண்டதில்லை.”

நேரே கண்டது! ஞானாம்பிகை விரலை வாயில் வைத்துக்கொண்டு பின்கதவால் வெளியே போய்விட்டாள்.

அவள் கண்டது என்ன என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்துக் கதை சொல்ல எனக்குத் தெரியாது. அவள் ஒன்றையும் காணவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டுப் போகச் சொல்லி ஆயுத இயக்கம் அறிவித்தபோது, துணிக்கடை அப்துல் மஜீத்தும் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு புத்தளம் போனார். கையில் கொண்டுபோகக்கூடியதோடு போனார்கள். அவருடைய மகள் மைமூனா ஞானாம்பிகையின் ஒரே வயதுக்காரி. இரண்டு வளவுக்கும் நடுவில் இருந்த வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து புகுந்து வளர்ந்தவர்கள். போகும்போது மைமூனா அழவில்லை. “வீட்டைப் பார்த்துக்கொள்ளடி,” என்றாள், கடைக்குப் போய் வருகிறவள் சொல்வதுபோல.

சனம் போன கையோடு வெறும் வீடுகளில் கை வைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஓடு, யன்னல், நிலை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஒரு பின்னேரம் மஜீத் வீட்டு முன்கதவுக்கு முன்னால் இரண்டு பேர் நிலையைப் பெயர்க்கிற அலவாங்கோடு நின்று கதவைத் தட்டித் தட்டிப் பார்ப்பதை ஞானாம்பிகை வேலியால் கண்டாள். ஒரு குமர்ப்பிள்ளை அவர்களை என்ன செய்ய முடியும்? அடுத்த நாள் சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்கும்போது, பக்கத்தில் நின்றவளிடம் மெல்லச் சொன்னாள்.

“நேற்று மத்தியானம் மஜீத் காக்கா வீட்டுக் கிணத்தடியிலை ஒரு மனிசி தண்ணி அள்ளிக்கொண்டு நிண்டவ. வெள்ளைச் சீலை, பச்சைக் கரை. வாளிக்குள்ளை தண்ணி இல்லை.”

அவ்வளவுதான். பேய் என்ற சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை. அதை வரிசை சொன்னது. “அந்தாளின்ரை பெண்சாதி பிள்ளைப்பெறேக்கை அந்த வீட்டிலைதானே செத்தவ,” என்று யாரோ ஒரு மனிசி எடுத்துக் கொடுத்தாள். மைமூனாவைப் பெற்ற அன்றே செத்துப்போன தாய், ஆசியா உம்மா. எல்லாரும் ஞானாம்பிகையின் முகத்தைப் பார்த்தார்கள். “இருக்கும்,” என்றாள் ஞானாம்பிகை.

அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவள் இவ்வளவு காலமும் வட்டி கட்டுகிறாள்.

ஊர் பயந்தது. தங்கமுத்துவின் புருசன் நடராசா மட்டும் பயப்படவில்லை. “சோனகப் பேய்க்குச் சைவக்காறனை என்னடா செய்யேலும்?” என்று பகிடி விட்டுக்கொண்டு பின்கதவைக் கழற்றி எடுத்துப் போனார். நல்ல பலாக் கதவு. அதைக் கொண்டுபோய் வைத்த கிழமையே சந்தைப்பக்கம் பொம்மர் வந்து குண்டு போட்டது. செத்தவர்களில் நடராசாவும் ஒருவர். எட்டுச் செலவு முடிந்த கையோடு தங்கமுத்து அந்தக் கதவைத் தானே தலையில் சுமந்துகொண்டு வந்து மஜீத் வீட்டுச் சுவரில் சாத்திவிட்டு, முற்றத்தில் விழுந்து கும்பிட்டாள். “என்ரை பிள்ளையளை விட்டிடு தாயே,” என்று அவள் குழறியது வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற ஞானாம்பிகைக்குக் கேட்டது. அப்போது போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் கதவும் போயிருக்கும், வீடும் போயிருக்கும். வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு ஆணியைக்கூட யாரும் தொடவில்லை. இரண்டாயிரத்தில் சண்டை வந்து ஊரே இடம்பெயர்ந்து, திரும்பி வந்து பார்த்தால் மற்ற வீடுகள் எல்லாம் கல்லும் மண்ணுமாகக் கிடந்தன. மஜீத் வீட்டுக்குக் கூரையில் பாதி உடைந்ததுதான், கதவு யன்னல் எல்லாம் அப்படியே. அங்கே காவல் நின்ற ஆமிக்காரன் ஒருவனும் கிணற்றடியில் ஒரு பொம்பிளையைக் கண்டானாம் என்று புதுக்கதை ஒன்று வந்திருந்தது. ஆளுக்கு ஒரு துண்டாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள். அவளுக்குக் கொலுசு வந்தது. இருமல் வந்தது. பிள்ளை அழும் சத்தம் வந்தது. ஞானாம்பிகை கொடுத்தது ஒரு சீலையும் ஒரு வெறும் வாளியும் மட்டும்தான்.

இதில் மோசமானது என்னவென்றால், அவளுக்கும் பயம் பிடித்துவிட்டது. உச்சிப் பொழுதில் அந்தப் பக்கம் பார்க்கமாட்டாள். தையல் மெசினை வேலிக்கு எதிர்த்திசையில் திருப்பிப் போட்டிருந்தாள். தான் கட்டிய பொய் தனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஒரு ஊர் முழுக்கக் கண்டதைத் தனி ஒருத்தி காணவில்லை என்று எவ்வளவு காலம் நம்பிக்கொண்டிருக்க முடியும்?

போன வருடம் மைமூனாவின் மகன் இஹ்ஸான் புத்தளத்திலிருந்து வீட்டு உறுதிப் பத்திரத்தோடு வந்தான். பெண்சாதி நதா, இரண்டு சின்னப் பிள்ளைகள். பசாரில் ஃபோன் திருத்தும் கடை போட்டான். வீட்டைத் துப்புரவாக்கி, உடைந்த கூரைக்குத் தறப்பாள் கட்டி, இருந்தார்கள். அந்தக் கூரையைத்தான் போட முடியவில்லை. ஊர் மேசன்மார் ஒருவரும் வரமாட்டோம் என்றார்கள். நல்லூரிலிருந்து கூட்டிவந்த மேசன் அளவெல்லாம் எடுத்துவிட்டு, ஜெயசுதன் கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போனவன் திரும்பி வரவில்லை. சாமான் பையை எடுக்கக்கூட வரவில்லை.

கஜந்தினி குசினியில் வந்து பேர் கேட்ட அன்று பின்னேரம், நதா வேலியடிக்கு வந்தாள்.

“மாமி, ஐப்பசி மழைக்கு முந்தி கூரை போடலன்னா இவர் எங்கள புத்தளத்துக்கே கூட்டிட்டுப் போறாராம். போன மாரி எப்படிக் கிடந்தோம்னு உங்களுக்குத் தெரியும்தானே. மாமியார் வேற வாறாங்க. அவங்களுக்கு என்னத்தச் சொல்ல?”

“மைமூனா வாறாளோ?”

“ஓம். கஜந்தினிட போட்டிக்கு எங்களையும் வரச் சொன்னா. இவர் சிரிக்கிறார். பேய் தோத்துப் போனா நல்லம்தானே, நீங்க போய்ப் பாருங்கன்னு சொல்றார்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “சின்னவ பள்ளிக்கூடம் போக மாட்டேன்னு அழுறா மாமி. பேய் வீட்டுப் பிள்ளைன்னு ஒருத்தரும் பக்கத்துல இருக்கிறாங்க இல்லையாம்.”

ஞானாம்பிகை வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டைப் பார்த்துக்கொள் என்றவளுக்கு வீட்டைப் பார்த்துக் கொடுத்தாகிவிட்டது. இருக்கத்தான் முடியாத வீடு. பொய்யை உடைத்தால், உன் தாயைப் பேயாக்கி வைத்தது நான்தான் என்று மைமூனாவின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். உடைக்காவிட்டால் மைமூனாவின் குடும்பம் இரண்டாம் தரமும் ஊரைவிட்டுப் போகும்.

“கஜந்தினி,” என்று உள்ளே போய்க் கூப்பிட்டாள். “நான் சாட்சிக்கு வாறன்.”

“ஐயோ, என்ரை செல்ல மாமி!”

“பொறு. நான் சொல்லுறது உனக்குச் சாதகமா இராது.”

“பரவாயில்லை. கண்டதைச் சொல்லுங்கோ, அது போதும்.”

போட்டி ஒரு சனிக்கிழமை காலை, நல்லூரில் ஒரு மண்டபத்தில். ஒழுங்கைச் சனம் ஒரு ஹையேஸ் வான் பிடித்து வந்தது. தங்கமுத்து முன்சீற்றில் இருந்து வந்தாள். தங்கள் ஒழுங்கைப் பேய் யாழ்ப்பாணம் வரை போகிறது என்று எல்லாருக்கும் கொஞ்சம் பெருமைதான். மண்டபத்தில் முன்வரிசைக் கதிரையில் முக்காடு போட்ட ஒருத்தி நதாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். விடியப்புறம் பஸ்ஸில் வந்து இறங்கிய களைப்பு முகத்தில் இருந்தது. மைமூனா! புத்தளம் போனபிறகு ஒரே ஒருமுறை, சமாதான காலத்தில், வந்து படலையில் நின்று பார்த்துவிட்டுப் போனவள். இரண்டு பேரும் தூரத்திலிருந்து தலையை அசைத்தார்கள்.

கஜந்தினி கறுப்புச் சால்வை போட்டுக்கொண்டு வடிவாகத் தொடங்கினாள். மனுதாரர் பெயர் அறியப்படாத ஒரு பெண். நிரந்தர வதிவாளர். மின்சாரக் கட்டணம் நிலுவை இல்லை. மண்டபம் சிரித்தது. பிறகு சாட்சியைக் கூப்பிட்டாள்.

“சாட்சி அவர்களே, அந்தக் கிணற்றடியில் நீங்கள் யாரைக் கண்டீர்கள்?”

“ஒருத்தரையும் காணேல்லை.”

சிரிப்பு. கஜந்தினியும் சிரித்தாள். பிறகு ஞானாம்பிகையின் முகத்தைப் பார்த்தாள். அவளுடைய சிரிப்பு நின்றது.

“வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ, சாட்சி.”

“யோசிச்சுத்தான் சொல்லுறன் பிள்ளை. அண்டைக்கும் யோசிச்சுத்தான் சொன்னனான். கதவைக் கழட்ட ரெண்டு பேர் அலவாங்கோடை வந்து நிண்டவங்கள். எனக்கு வேறை ஒரு வழியும் தெரியேல்லை. வெள்ளைச் சீலையிலை ஒரு மனிசி நிண்டவ எண்டு சங்கக்கடையிலை கட்டிவிட்டன். அவ ஆரெண்டு சனம் கேட்டுது. மைமூனாவின்ரை தாயோ எண்டு கேட்டுது. இருக்கும் எண்டு சொன்னன். அந்த வீட்டிலை பேய் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை.”

நிருஷன் குறுக்கு விசாரணைக்கு எழும்ப மறந்துபோய் வாயைப் பிளந்துகொண்டு இருந்தான். நடுவர் கதிரையில் இருந்த பெண் சட்டத்தரணி சிரித்துக்கொண்டு குனிந்து கேட்டார்.

“அப்ப மனுதாரர் எண்டு ஒருத்தரும் இல்லையோ?”

“இல்லை அம்மா. நான்தான்.”

மண்டபம் கை தட்டியது. நல்ல நாடகம் என்று நினைத்துவிட்டார்கள். ஞானாம்பிகை மேடையில் நின்று, இல்லை, இது நடிப்பில்லை என்று கையை அசைத்தாள். அதற்கு இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

அந்தத் தட்டலுக்குள் தங்கமுத்து எழும்பினாள்.

“பொய் சொல்லாதையடி!”

கை தட்டல் விட்டு விட்டு நின்றது.

“பேய் இல்லையெண்டால் என்ரை மனுசன் ஏன் செத்தவர்? சொல்லு. அந்தக் கதவாலைதானே செத்தவர்? நான் தலையிலை சுமந்துகொண்டு போய்த் திருப்பி வைச்சனான். விழுந்து கும்பிட்டனான். அதுக்குப் பிறகுதானே என்ரை ரெண்டும் தப்பினது. இல்லாட்டில் என்ன, பொம்மர் சும்மா வந்து, சும்மா போட்டிட்டுப் போனதெண்டு சொல்லுறியோ?”

ஞானாம்பிகை மேடையின் ஓரத்துக்கு வந்தாள்.

“ஓம் அக்கா. சும்மாதான் போட்டவங்கள்.”

தங்கமுத்து பக்கத்தில் இருந்தவர்களிடம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். “உது ஞானம் இல்லை. ஞானம் எனக்கு இப்பிடிச் சொல்லமாட்டாள். அவளிலை ஏறி நிண்டு கதைக்குது.”

பிள்ளைகளுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. ஊர்ச் சாட்சியும், சபையில் இருந்து குறுக்கிட்ட அம்மாவும் அருமையாக நடித்தார்கள் என்று நடுவர்கள் சொன்னார்கள். கஜந்தினி சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்து மாமியின் பக்கத்தில் இருந்தாள். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். முன்வரிசையில் மைமூனாவின் கதிரை வெறுமையாகக் கிடந்தது.

வானில் ஞானாம்பிகைக்குப் பக்கத்தில் கஜந்தினியைத் தவிர யாரும் இருக்கவில்லை. இடம் இல்லாமல் இரண்டு பேர் நின்றுகொண்டே வந்தார்கள்.

பொழுதுபடுவதற்குள் ஒழுங்கை முழுக்கக் கதை பரவிவிட்டது. வழக்குக்கு இழுத்த கோபத்தில் பேய் மேடையில் வைத்தே ஞானத்தின் வாயைப் பிடித்துவிட்டதாம். தான் இல்லை என்று தானே சொல்லிச் சனத்தை ஏமாற்றப் பார்க்கிறதாம். ஜெயசுதன் கோயில் திருநீற்றைப் பேப்பரில் மடித்துக் கொண்டுவந்து படலையில் வைத்துவிட்டு, உள்ளே வராமல் போனான். வாகீசன் வேலையால் வந்து, சாப்பிடும்போது மெல்லக் கேட்டார்.

“அக்கா, உனக்கு ஒண்டும் இல்லைத்தானே?”

“நீயுமோடா?”

“இல்லை, சும்மா கேட்டனான்.”

கூரை வேலைக்கு அரைமனதாக ஓம் என்றிருந்த கொடிகாமத்து மேசன் இஹ்ஸானுக்கு ஃபோன் எடுத்து மாட்டன் என்றான். முந்தி அது வீட்டோடு நின்ற பேய், இப்போது வானிலும் ஏறி நல்லூர்வரை போய்வருகிறது, எனக்குப் பிள்ளைகுட்டி இருக்குது அண்ணை என்றானாம்.

அடுத்த நாள் உச்சிப் பொழுதில் மைமூனா வந்தாள். வேலிப் பொட்டு எப்போதோ அடைபட்டுப் போனபடியால் ஒழுங்கையால் சுற்றி, படலையைத் திறந்துகொண்டு வந்தாள். ஞானாம்பிகை மெசினில் இருந்து எழும்பினாள். என்ன சொல்வதென்று இரவு முழுக்க யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று.

“மைமூனா, என்னை மன்னிச்சுக்கொள்.”

“இரு. நானும் இருக்கிறன்.” மைமூனா கதிரையை இழுத்துப் போட்டாள். “நேற்று எழும்பிப் போனது கோவத்திலைதான். இரவு முழுக்கக் கோவமாத்தான் கிடந்தன். உம்மாவின்ரை பேரைச் சந்தி சந்தியா விட்டிருக்கிறாயே எண்டு.”

“ஓம்.”

“மௌத்தானவை திரும்பி வரமாட்டினம். அது எனக்குத் தெரியும். அதுக்காண்டி நான் வரேல்லை.”

“அப்ப?”

மைமூனா முக்காட்டு நுனியை விரலில் சுற்றினாள். அறுபது வயதில் அப்படிச் செய்யும்போது சின்னப் பெட்டை போல இருந்தாள்.

“உம்மாவை நான் காணேல்லை. ஒரு படமும் இல்லை. வாப்பாட்டைக் கேட்டால் நல்ல மனிசி எண்டு மட்டும் சொல்லுவார், பிறகு எழும்பிப் போயிடுவார். நீ சனத்துக்குச் சொன்னியே. எப்பிடி நிண்டவ எண்டு எனக்கும் ஒருக்காச் சொல்லு.”

“நான் காணேல்லையடி. கட்டிவிட்டதெண்டுதானே சொல்லுறன்.”

“விளங்குது. எண்டாலும் சொல்லு.”

ஞானாம்பிகை சொன்னாள். வெள்ளைச் சீலை, பச்சைக் கரை. தலை முழுகிய ஈரம். முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கயிற்றை இழுக்கிறாள். அவசரம் இல்லாமல் இழுக்கிறாள்.

“உயரமோ?”

“உன்ரை உயரம்தான்.”

“ஏன் முகத்தைத் திருப்பேல்லை?”

இதை யாரும் ஞானாம்பிகையிடம் கேட்டதில்லை. ஊர் முழுக்க அந்தப் பேய்க்குக் கொலுசும் இருமலும் போட்டது, முகத்தைக் கேட்கவில்லை.

“எனக்கு உன்ரை உம்மாவின்ரை முகம் தெரியாது. எப்பிடி யோசிச்சாலும் உன்ரை முகம்தான் வந்தது. நீ போய் ரெண்டு நாள்தான் ஆகியிருந்தது. என்னாலை பாக்கேலாமல் கிடந்தது. அதாலைதான் அங்காலை திருப்பிவிட்டனான்.”

மைமூனா அப்போதுதான் அழுதாள். தொண்ணூறில் அழாதவள். சத்தம் இல்லாமல், முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்தபின் எழும்பினாள்.

“வா, எங்கடை வீட்டை போவம்.”

“இப்பவோ? உச்சிப் பொழுதடி.”

“பேய் இல்லையெண்டு மேடையிலை சொன்னவள் நீதானே?”

“சொன்னனான்தான். பயம் கிடக்கே.”

“எனக்கும்தான் கிடக்கு. வா.”

அன்றைக்குப் போனவள், அடுத்த நாள் தையல் மெசினையும் நிருஷனைக் கொண்டு தூக்குவித்து மஜீத் வீட்டு முன்விறாந்தையில் போட்டாள். ஊர் நம்பும்வரை காலையிலிருந்து பொழுதுபடும்வரை அங்கேதான் தைப்பது என்று முடிவு. இரண்டு கிழமையாகிறது. சட்டை தைக்க ஒருத்தியும் வரவில்லை. அளவுக்குக் கொடுத்திருந்த துணிகளையும் ஆள்விட்டுத் திருப்பி வாங்கிவிட்டார்கள். தங்கமுத்து சந்தைக்கு மற்ற ஒழுங்கையால் சுற்றிப் போகிறாள். அந்த மனிசியில் ஞானாம்பிகைக்குக் கோபம் வரவில்லை. புருசன் ஏன் செத்தார் என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே காரணத்தையும் பறித்துவிட்டு, சும்மாதான் என்று கையில் கொடுத்தால் யார்தான் வாங்குவார்கள்?

கஜந்தினியும் நிருஷனும் இப்போது மனுவைத் திருப்பி எழுதுகிறார்கள். மனுதாரர் நதாவின் சின்ன மகள். எதிராளி யார் என்பதில் மறுபடியும் சண்டை. ஊரை எதிராளியாகப் போட முடியாது, ஊர் அரசாங்கம் இல்லை என்று நிருஷன் நிற்கிறான். அதற்கு என்ன சட்டம் என்று கஜந்தினி தேடுகிறாள். இன்னும் கிடைக்கவில்லை.

இஹ்ஸான் ஐப்பசி பிறக்கும்வரை பொறுக்கிறேன் என்றிருக்கிறான். வானம் இருட்டத் தொடங்கிவிட்டது. தறப்பாளில் இரண்டு இடத்தில் கிழிசல். மைமூனா ஓடுகளை எடுத்து அடுக்க, ஞானாம்பிகை துடைத்துக் கொடுக்கிறாள். மேலே ஏறிப் போடத்தான் ஆள் இல்லை.

இவ்வளவு தூரம் வாசித்த உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊரிலும் யாரும் கிட்டப் போகாத ஒரு வீடு கட்டாயம் இருக்கும். அங்கே முன்பு யார் குடியிருந்தார்கள், ஏன் போனார்கள், பேய்க்கதையை முதலில் சொன்னது யார் என்று தயவுசெய்து விசாரித்துப் பாருங்கள். விசாரித்துவிட்டு எனக்குக் கீழே எழுதுங்கள். அதோடு, ஞானாம்பிகை இனி என்ன சொன்னால் சனம் நம்பும் என்று உங்களுக்குத் தோன்றினால், அதையும் எழுதுங்கள்.